பெண்ணாடத்தில் ஜாய் டிவிஷன்

போன மாதம் அக்கா மகன் ஒரு கறுப்பு டிசர்ட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். விருத்தாசலத்தில் வாங்கியதாம். நெஞ்சில் வெள்ளைக் கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஓரத்தில் சமமாகத் தொடங்கி நடுவில் குன்றும் பள்ளமுமாக எழும்பி, மறுபடி ஓரத்தில் அடங்கிவிடும் கோடுகள். எழுத்து ஒன்றும் இல்லை.

"இது என்னன்னு தெரியுமாடா?"

"ஏதோ மலை மாமா. டிசைன் நல்லாருந்துச்சு, எடுத்துட்டேன்."

மலை இல்லை. ஒரு நட்சத்திரத்தின் துடிப்பு. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல், வானத்தின் ஒரே இடத்திலிருந்து சுமார் 1.34 வினாடிக்கு ஒருமுறை தப்பாமல் வரும் ரேடியோ துடிப்பு ஒன்றைக் கண்டார். உலகம் அறிந்த முதல் பல்சார் அது. அதன் துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஹெரால்ட் கிராஃப்ட் என்ற ஆய்வாளர் 1970இல் தன் ஆய்வேட்டில் ஒரு படமாக வைத்தார். அந்தப் படம் வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் ஏறி, அங்கிருந்து மான்செஸ்டர் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் கண்ணில் பட்டது. பீட்டர் சாவில் என்ற இளம் வடிவமைப்பாளர் அதைக் கறுப்பில் வெள்ளையாக மாற்றி ஒரு இசைத்தட்டு அட்டையின் நடுவில் பதித்தார். முன்னட்டையில் குழுவின் பெயர்கூடக் கிடையாது. 1979 ஜூன் 15இல் வந்த அந்தத் தட்டின் பெயர் 'அன்நோன் பிளஷர்ஸ்'. குழுவின் பெயர் ஜாய் டிவிஷன்.

இவ்வளவும் சொன்னதும், "பாட்டு எப்படி இருக்கும் மாமா?" என்றான். ஹெட்போனைக் கொடுத்து முதல் பாட்டைப் போட்டுவிட்டேன். முழுசாகக் கேட்டான். கழற்றி வைத்துவிட்டு, "சோகமா இருக்கு. ஆனா அழுகை வரல" என்றான்.

இதைவிடச் சரியாக நான் படித்த எந்த விமர்சகரும் சொன்னதில்லை. சோகம் உண்டு, அழுகை இல்லை. அது எப்படிச் சாத்தியம் என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் பார்க்கிறேன். நீளமாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சோகப் பாட்டை யோசித்துப் பாருங்கள். திரைப்பாட்டில் ஒருவன் உடைந்து நிற்கிறான் என்றால் ஷெனாய் வரும், வயலின்கள் அலையாக எழும், கோரஸ் சேரும். துயரம் பெருகப் பெருக வாத்தியமும் பெருகும். அதில் தப்பே இல்லை. ஒப்பாரிக்குப் பழகிய காது நமக்கு, ஒருத்தி குரலெடுத்தால் நாலு பேர் கூடி அழ வேண்டும். ஜாய் டிவிஷன் செய்தது நேர் எதிர். துயரம் கூடக் கூட வாத்தியத்தைக் குறைத்தார்கள். சுற்றிலும் இடம் விட்டார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுகிற பாட்டாக அது இல்லை. பெரிய காலிக் கூடத்தின் அந்தக் கோடியில் ஒருவன் நின்று பேசுகிறான், நீங்கள் இந்தக் கோடியில் நிற்கிறீர்கள். அவ்வளவு தூரம்.

இவர்களின் இசையைப் போஸ்ட்-பங்க் என்பார்கள். அது என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976 ஜூன் 4ஆம் தேதி செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் குழு மான்செஸ்டரில் ஒரு சின்ன அரங்கில் வாசித்தது. வந்திருந்த கூட்டம் ரொம்பச் சொற்பம். ஆனால் வந்தவர்களில் பலர் வீட்டுக்குப் போய்க் குழு ஆரம்பித்தார்கள். பின்னாளில் ஜாய் டிவிஷனில் கிட்டாரும் பாஸும் வாசித்த பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹுக் என்ற இரண்டு பள்ளித் தோழர்களும் அதில் அடக்கம். இவர்களே மேடை ஏறும்போது நாம் ஏன் ஏறக் கூடாது என்ற தைரியத்தைத்தான் பங்க் கொடுத்தது. ஹுக் மறுநாளே அம்மாவிடம் கடன் வாங்கி ஒரு பாஸ் கிட்டார் வாங்கினார். இரண்டு வருடத்தில் பங்கின் வேகமும் கத்தலும் சலித்துப்போக, கிடைத்த தைரியத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேறு ஒன்றைத் தேடிப்போனவர்களின் இசைதான் போஸ்ட்-பங்க். லீட்ஸில் கேங் ஆஃப் ஃபோர் அரசியல் பேசியது. லண்டனில் பப்ளிக் இமேஜ் லிமிடெட் ஜமைக்காவின் டப் இசையிலிருந்து கனமான பாஸை எடுத்துக்கொண்டது. மான்செஸ்டர் இருளுக்குள் போனது.

மான்செஸ்டர் என்றால் நமக்குத் துணி. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். அந்த மான்செஸ்டரின் ஆலைத் துணிதான் ஒரு காலத்தில் நம் நெசவாளர் வீடுகளில் தறியை நிறுத்தியது. 1970களில் அதே ஆலைகள் மூடிக் கிடந்தன. செங்கல் கட்டடங்கள், உடைந்த கண்ணாடி, புல் முளைத்த முற்றம். சம்னர் வளர்ந்தது பக்கத்து சால்ஃபோர்டில், நெருக்கமான தொழிலாளர் தெருவில். அரசாங்கம் அந்தத் தெருக்களை இடித்து, மக்களை அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு மாற்றியது. சின்ன வயதில் தன் தெருவும் அதன் மனிதர்களும் இல்லாமல் போனதுதான் தங்கள் இசையின் இருளுக்கு ஒரு காரணம் என்று பின்னாளில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர்கள் ஒத்திகை பார்த்த இடமும் லிட்டில் பீட்டர் ஸ்ட்ரீட்டில் இருந்த ஒரு பழைய தொழிற்கூடம்தான். 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' வீடியோவில் அந்த இடத்தைப் பார்க்கலாம். பெயர்ந்த சுவரும் வெறுந்தரையும் உயரமான ஜன்னலுமாக.

மற்ற இருவர் மேக்கிள்ஸ்ஃபீல்டு என்ற சிறு நகரத்துப் பையன்கள். பாடகர் இயன் கர்ட்டிஸ், டிரம்ஸ் ஸ்டீபன் மாரிஸ். அங்கிருந்து மான்செஸ்டர், விருத்தாசலத்திலிருந்து சென்னை மாதிரித் தூரம் இல்லை, ஆனால் பெருநகரத்தில் ஒரு கச்சேரி பார்த்துவிட்டு ரயிலேறி ஊர் திரும்புகிற வாழ்க்கைதான். உலகமே கேட்கும் இசையை உண்டாக்கியவர்கள் தலைநகரத்துக்காரர்கள் இல்லை என்பது எனக்கு முக்கியம். 'அன்நோன் பிளஷர்ஸ்' லண்டனுக்குப் போகவே இல்லை. ஸ்டாக்போர்ட்டில் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் பதிவானது. வெளியிட்டது டோனி வில்சன் என்ற உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர் தன் சொந்தச் சேமிப்பைப் போட்டு. அவருடைய நிறுவனத்துக்கு ஃபேக்டரி ரெகார்ட்ஸ் என்று பெயர். முதல் பதிப்பு 10,000 பிரதி.

இனி பாஸ் கிட்டாருக்கு வருகிறேன். தமிழ்க் காது இந்தக் குழுவுக்குள் நுழையும் வாசல் அதுதான் என்பது என் நம்பிக்கை.

சாதாரணமாக ராக் குழுவில் பாஸ் கிட்டார் அடித்தளம். டிரம்ஸோடு சேர்ந்து கீழே ஓடிக்கொண்டிருக்கும், பாட்டின் மெட்டை மேலே லீட் கிட்டார் கொண்டுபோகும். ஜாய் டிவிஷனில் தலைகீழ். மெட்டு பாஸில் இருக்கிறது. சம்னரின் கிட்டார் பெரும்பாலும் அறுத்துக் கீறுகிற ஓசை மட்டும். இதற்குக் காரணம் எந்தக் கலைக் கொள்கையும் இல்லை. ஹுக்கிடம் இருந்த ஸ்பீக்கர் படுமட்டம். சம்னரின் ஆம்ப்ளிஃபையரோ சத்தமானது. கீழ்த் தந்தியில் வாசித்தால் தான் வாசிப்பது தனக்கே கேட்கவில்லை. அதனால் கழுத்தின் உயரத்தில், மேல் ஸ்தாயியில் வாசிக்க ஆரம்பித்தார். அது கேட்டது. அப்படியே வாசி, நன்றாக இருக்கிறது என்று கர்ட்டிஸ் ஊக்கப்படுத்தினார். வசதி இல்லாததிலிருந்து ஒரு பாணி பிறந்தது. இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் ஒரு பாஸ் மேல் ஸ்தாயியில் ஏக்கமாகப் பாடினாலும், ஹுக் மாதிரி இருக்கிறதே என்கிறார்கள்.

இப்போது 1980க்கு வாருங்கள். ஜாய் டிவிஷனின் இரண்டாவது தட்டு 'குளோசர்' அந்த வருடம் ஜூலையில் வந்தது. அதே வருடம் பாலுமகேந்திராவின் 'மூடுபனி' வந்தது. இளையராஜாவுக்கு நூறாவது படம். அதில் பிரதாப் போத்தன் கிட்டாரோடு உட்கார்ந்து ஜேசுதாஸ் குரலில் பாடும் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை இன்று இரவு ஹெட்போனில் கேளுங்கள். குரலை விட்டுவிடுங்கள். கிட்டாரையும் விட்டுவிடுங்கள். கீழே பாஸ் என்ன செய்கிறது என்று மட்டும் தொடருங்கள். அது தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு நிற்பதில்லை. தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகிறது. இளையராஜாவின் எண்பதுகள் முழுக்க இப்படித்தான். அவர் எழுதிய பாஸ் வரிகளையும், அவற்றை வாசித்த சசிதரனையும் பற்றிப் பேசாமல் அந்தக் காலத்துப் பாட்டுகளைப் பற்றிப் பேசவே முடியாது. டீக்கடை ஸ்பீக்கரிலும் டவுன் பஸ்ஸிலும் நாம் பத்து வயதிலிருந்து கேட்டது பாடுகிற பாஸை.

மான்செஸ்டர் பையனும் பண்ணைப்புரத்து இசையமைப்பாளரும் ஒருவரை ஒருவர் கேட்டிருக்க மாட்டார்கள். ஒருவர் ஸ்வரம் ஸ்வரமாகத் தாளில் எழுதிக் கொடுத்தவர், மற்றவருக்குத் தாளில் எழுதத் தெரியாது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பாஸுக்குப் பாட உரிமை உண்டு என்று ஏற்கெனவே நம்புகிற காது நமக்கு இருக்கிறது. ஆங்கில வார்த்தை ஒன்றுகூடப் புரியாமல் அக்கா மகன் முழுப் பாட்டையும் கேட்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அழுகை இல்லாத சோகம் என்ற அந்த மனநிலையைப் பாஸ் மட்டும் தரவில்லை. தந்தவர் ஐந்தாவது ஆள் ஒருவர். பெயர் மார்ட்டின் ஹேனட். தயாரிப்பாளர்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் மண்குழம்பை விளிம்புவரை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, சுவரோரமாக ஒரு கனத்துக்கு மண் இறுகும். அந்தக் கனம் வந்ததும் நடுவில் இருக்கும் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். மிஞ்சுவது மெல்லிய சுவரும் உள்ளே வெறுமையும். அதைத்தான் காயவைத்துச் சூளையில் ஏற்றுவது. எவ்வளவு நேரம் விட்டுக் கொட்டுவது என்பதில்தான் கைத்திறன். ஹேனட் அந்த நாலு பேருக்குச் செய்தது இதுதான். அவர்கள் மேடையில் வாசித்தது கெட்டியான, ஆவேசமான ராக். அந்தக் குழம்பை ஊற்றி, ஒரு கனம் பிடித்ததும் நடுவை வெளியே கொட்டிவிட்டார்.

எப்படி? முதலில் டிரம்ஸ். மாரிஸை டிரம்ஸ் முழுவதையும் கழற்ற வைத்து, ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். ஒன்றின் அதிர்வு மற்றொன்றின் மைக்கில் கலக்கக் கூடாது. ஒரு மனிதன் உட்கார்ந்து வாசித்த டிரம்ஸைத் துண்டு துண்டாக்கி மறுபடி கோத்தால் என்ன ஆகும்? தாளம் இருக்கும், அறை இருக்காது. எந்த அறையிலும் இல்லாத ஒரு தாளம். அடுத்து, அப்போது புதிதாக வந்திருந்த ஏ.எம்.எஸ். டிஜிட்டல் டிலே கருவி. சத்தத்தை வாங்கிக் கண்ணிமைக்கும் நேரம் கழித்துத் திருப்பித் தரும் பெட்டி. அதை வைத்து, தான் பிய்த்தெடுத்த ஒவ்வொரு அடிக்கும் தானே ஒரு அறை கட்டினார். நிஜத்தில் இல்லாத அறை. 'ஷீஸ் லாஸ்ட் கண்ட்ரோல்' பாட்டில் தாளத்தோடு வரும் அந்த 'ஸ்ஸ்' ஓசை ஸ்பிரே டப்பாவை அழுத்திப் பதிவு செய்தது. 'இன்சைட்' பாட்டின் குரலைத் தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பிப் பதிவு செய்தார், அந்தத் தொலைவு வேண்டும் என்பதற்காக. ஸ்டுடியோவின் பழைய லிஃப்ட் சத்தம் இருக்கிறது. கடைசிப் பாட்டில் கண்ணாடி உடையும் சத்தம் இருக்கிறது.

குழுவுக்கு இது பிடிக்கவில்லை. ஹுக்கும் சம்னரும் கோபப்பட்டார்கள். எங்கள் சத்தத்தை உறிஞ்சி எடுத்துவிட்டான், மேடையில் நாங்கள் வாசிப்பது இது இல்லை என்றார்கள். பல வருடம் கழித்து ஹுக், ஹேனட் செய்ததுதான் சரி, அதனால்தான் அது இன்றும் நிற்கிறது என்று ஒத்துக்கொண்டார். எனக்கு இதில் இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறது. அவர்களுடைய மேடைப் பதிவுகள் கிடைக்கின்றன, கேட்டுப் பாருங்கள். அனல் பறக்கும். அந்த அனல் முதலில் இருந்ததால்தான் அதைக் குளிரவைத்தபோது ஒரு அர்த்தம் வந்தது. முதலிலேயே குளிர்ந்து கிடக்கிற இசையில் எதிரொலியை அள்ளிப் பூசினால் அது வெறும் எதிரொலிதான். இன்றைக்குக் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாக் குரலும் குகைக்குள்ளிருந்து வருகிறது. மனநிலை வருவதில்லை.

இயன் கர்ட்டிஸைப் பற்றி எழுதும்போது கவனமாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். இணையத்தில் அவரைப் பற்றி எழுதப்படுவதில் பாதி, சாவை அலங்காரம் செய்கிற எழுத்து.

அவருக்குப் பகலில் அரசு வேலை. மேக்கிள்ஸ்ஃபீல்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக் கொடுக்கும் பிரிவு. அந்த வேலையை அக்கறையோடு செய்தார் என்பதை எல்லோரும் பதிவு செய்திருக்கிறார்கள். வலிப்பு நோயுள்ள ஒரு இளம்பெண் வேலை கேட்டு அங்கே வந்துபோனாள். பிறகு அவள் வரவில்லை. வலிப்பு வந்து இறந்துவிட்டாள் என்று தெரிந்தது. 'ஷீஸ் லாஸ்ட் கண்ட்ரோல்' அந்தப் பெண்ணை நினைத்து எழுதியது. கொஞ்ச காலத்தில் கர்ட்டிஸுக்கே வலிப்பு வந்தது. 1978 டிசம்பரில் லண்டனில் வாசித்துவிட்டு ஊர் திரும்பும்போது காரிலேயே. 1979 ஜனவரியில் மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். அக்காலத்து மருந்துகள் கடுமையானவை, மனத்தையும் அலைக்கழிப்பவை. போதாக்குறைக்கு இரவு முழுக்கப் பயணம், தூக்கமில்லாமை, மேடையில் பளிச்சிடும் விளக்குகள். ஒவ்வொன்றும் அந்த நோய்க்கு ஆகாதது. 1980 ஏப்ரலில் மேடையிலேயே வலிப்பு வந்தது. அவருடைய ஆட்டமே உதறலும் வெட்டுமாக இருக்கும் என்பதால், பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எது ஆட்டம், எது நோய் என்று தெரியவில்லை. கைதட்டியிருக்கிறார்கள்.

1980 மே 18. அமெரிக்காவுக்கு முதல் பயணம் கிளம்புவதற்கு முந்தின நாள். தற்கொலை செய்துகொண்டார். வயது 23.

எழுதிய வரிகளிலெல்லாம் அவர் என்ன நிலையில் இருக்கிறார் என்பது இருந்தது. கூடவே வேனில் பயணம் செய்த நண்பர்கள், நாங்கள் வரிகளைக் கவனிக்கவே இல்லை, வேறு யாரையோ பற்றி எழுதுகிறான் என்று நினைத்துவிட்டோம் என்று பிற்காலத்தில் சொன்னார்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்தப் பாட்டுகளைக் கேட்கிற ஒவ்வொரு இளைஞனிடமும் நான் சொல்வது ஒன்று உண்டு. அவர் செத்ததால் இந்த இசை பெரிதாகவில்லை. 'அன்நோன் பிளஷர்ஸ்' வந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார், அது அப்போதே பெரிய இசைதான். நல்ல சிகிச்சையும் ஆறு மாதம் ஓய்வும் கிடைத்திருந்தால் இன்னும் பத்துத் தட்டுகள் வந்திருக்கலாம். உங்களில் யாருக்காவது மனம் அந்த இடத்துக்குப் போகிறது என்றால், பாட்டைக் கேட்டுக்கொண்டு தனியாக இருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 104க்கு எந்நேரமும் அழைக்கலாம். வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உடம்பு தாங்க முடியாததைப் பாட்டாக்குவது நமக்கும் புதிதில்லை. பெண்ணாடத்துக்காரர்களுக்கு நிச்சயமாகப் புதிதில்லை. சூலை நோயில் துடித்துப் பாட ஆரம்பித்த அப்பர், எங்கள் ஊர்த் தூங்கானை மாடக் கோயிலுக்கு வந்துதான், இந்த உடம்போடு இப்படியே வாழ மாட்டேன், சூலக் குறியும் இடபக் குறியும் பொறித்துக் கொடு என்று இறைவனிடம் கேட்டார் என்பது பெரிய புராணம் சொல்லும் கதை. யானையின் பின்புறம் போல வளைந்த அந்த விமானத்தைச் சுற்றி வரும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். அவருக்குப் பற்றிக்கொள்ள ஒரு தெய்வம் இருந்தது. மேக்கிள்ஸ்ஃபீல்டு பையனுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

குழுவின் பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் வார்சா என்று இருந்தார்கள், டேவிட் போவியின் ஒரு பாட்டிலிருந்து எடுத்தது. 1978 தொடக்கத்தில் ஜாய் டிவிஷன் என்று மாற்றினார்கள். நாஜி வதைமுகாம்களில் பெண்களைப் பாலியல் அடிமைகளாக அடைத்து வைத்த பகுதியை ஒரு நாவல் அந்தப் பெயரால் குறித்தது. ஒடுக்கியவர் பக்கம் நிற்கவில்லை, ஒடுக்கப்பட்டவர் பெயரைத்தான் எடுத்தோம் என்று பிறகு விளக்கினார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. பிறர் பட்ட வதையை இருளுக்காக எடுத்து மாட்டிக்கொள்வது சரியில்லை. இசையை நேசிக்கிறேன், பெயரை நேசிக்கவில்லை.

சரி, நம்மிடம் இப்படி ஒன்று இல்லையா? இந்தக் கேள்வியோடு நான் சென்னைப் பக்கம் நிறையக் கேட்டிருக்கிறேன்.

2012இல் சென்னையில் ஆரம்பித்த தி எஃப்16ஸ் என்ற குழு இருக்கிறது. ஆங்கிலத்தில் பாடுகிறார்கள். 2016இல் வந்த 'டிரிகர்புங்க்டே' என்ற தட்டு நல்ல தட்டு. நகரத்து இரவும் சலிப்பும் கிட்டாரில் துள்ளும். ஆனால் அவர்களுடைய உறவு 2000க்குப் பிறகு நியூயார்க்கிலும் இங்கிலாந்திலும் நடந்த போஸ்ட்-பங்க் மறுமலர்ச்சியோடு. அதாவது, பிள்ளைகளின் பிள்ளைகள். திறமையில் குறை இல்லை. கேட்டால் சென்னைதான் என்று என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான் என் மனக்குறை.

எனக்கு நெருக்கமாகப் படுவது வேறு இடம். வடசென்னை. பெரம்பூரில் பின்னி ஆலை என்று நாம் சொல்லும் பக்கிங்காம் அண்ட் கர்நாட்டிக் மில். 1918இல் அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. திரு.வி.க. பேசிய மேடை அது. 1921 வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் அங்கே நடந்தவை. 1996இல் ஆலை மூடப்பட்டது. ஆலையும் துறைமுகமும் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் சூழ்ந்த அந்தத் தெருக்களில் வளர்ந்ததுதான் கானா. அதில் மரண கானா என்று ஒரு வகை. செத்த வீட்டில் இரவு முழுக்க உட்கார்ந்து பாடுவது. போனவரின் வாழ்க்கையை, பெயரை, குணத்தைக் கோத்துப் பாடுவார்கள். வாத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு டோலக்கோ, டேப்போ, அதுவும் இல்லையென்றால் கையில் அகப்பட்டதைத் தட்டுவார்கள். ஒரு குரல், ஒரு தட்டு, பிறகு இரவு. அதில் நிரப்புவதற்கு யாரும் அவசரப்படுவதில்லை. ஜாய் டிவிஷனில் நான் சொன்ன அந்தக் காலி இடம் இங்கே எந்த ஸ்டுடியோக் கருவியும் இல்லாமல் இருக்கிறது.

இந்தக் கானாவைத்தான் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து, ராக்கோடும் ராப்போடும் இணைத்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' ஆக்கினார்கள். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. 19 கலைஞர்கள். குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்தது. கானா பாடும் பெண்கள் அரிதாக இருந்த நேரத்தில் இசைவாணி அந்த மேடையில் நின்றார். இது சோகக் குழு இல்லை, கோபக் குழு. லீட்ஸின் கேங் ஆஃப் ஃபோர் பக்கம் நிற்கிற குழு என்று சொல்லலாம், ஆனால் அவர்களைவிடப் பெரிய காரணத்தோடு. இடஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் மலக்குழி மரணத்தையும் நேருக்கு நேர் பாடிய குழு. அந்தக் கோபம் வேண்டியதுதான். என் ஆசை அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் வர வேண்டும் என்பது. மரண கானாவின் அந்த நள்ளிரவை, அதன் இடைவெளிகளோடு, ஒரு ஹேனட் பதிவு செய்ய வேண்டும். ஸ்டுடியோவுக்குள் இழுத்துவந்து கீபோர்டு சேர்த்துப் பளபளப்பாக்காமல்.

பெண்ணாடத்திலும் விருத்தாசலத்திலும் கிட்டார் வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லூரி விழாவில் வாசிக்கிறார்கள், திரைப்பாட்டுத்தான். நன்றாகவே வாசிக்கிறார்கள். அவர்களிடம் எனக்குக் கேட்க வேண்டியது இதுதான்: நம் ஊரின் சத்தத்தை எப்போதாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? நம் ஊர் வழியாகப் போவது ரயில்வேயின் கார்டு லைன். விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிறோம். முக்கால்வாசி எக்ஸ்பிரஸ் நம் ஸ்டேஷனில் நிற்பதில்லை. ராத்திரி ஒரு எக்ஸ்பிரஸ் கடந்து போகும்போது தண்டவாளம் முதலில் கேட்கும், பிறகு ரயில் கேட்கும், பிறகு தண்டவாளம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கும். கரும்பு வெட்டும் பருவத்தில் சாலையில் போகும் டிராக்டர்களில் பாட்டு அலறும். வெட்டு இல்லாத பருவத்தில் அதே சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளாற்று மணலில் நின்று யாரோ தூரத்தில் பறை அடித்தால், அடி ஒரு பக்கத்திலிருந்தும் அதன் எதிரொலி அக்கரையிலிருந்தும் வரும். நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். ஏ.எம்.எஸ். பெட்டி செய்ததை ஆறு செய்கிறது.

அந்தப் பறையை யார் அடிக்கிறார்கள், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், சாவுக்கு மட்டும் ஏன் அவர்களைக் கூப்பிடுகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். அந்தத் தெருவை விட்டுவிட்டு அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்கிற குழு எனக்கு வேண்டாம். அந்தத் தெருப் பிள்ளைகளும் நடுவில் நிற்கிற குழுதான் வேண்டும். டிரம்ஸ் இருக்கிற இடத்தில் பறையும், கூடவே மேல் ஸ்தாயியில் பாடும் ஒரு பாஸும், தமிழில் ஒரு தணிந்த குரலும் போதும். மட்டமான ஆம்ப்ளிஃபையர் போதும். ஹுக்கிடம் அதுகூட ஒழுங்காக இல்லை.

இனி, கேட்க விரும்புகிறவர்களுக்கு வழி. முதலில் 'டிஸ்ஆர்டர்'. தட்டின் முதல் பாட்டு, அக்கா மகனுக்குப் போட்டது. டிரம்ஸ் வரும், அதன்மேல் பாஸ், அதற்கப்புறம்தான் கிட்டார். ஒவ்வொன்றாக உள்ளே நுழைவதால் எது எங்கே நிற்கிறது என்று காது பழகிக்கொள்ளும். பிறகு 'நியூ டான் ஃபேட்ஸ்'. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. பாஸ் இறங்கி வருவதையும் கிட்டார் ஏறிப் போவதையும் கேளுங்கள். பிறகு 'அட்மாஸ்பியர்'. 1980 மார்ச்சில் பிரான்சில் வெறும் 1,578 பிரதிகள் மட்டும் வந்த பாட்டு. அதில் டிரம்ஸ் ஊர்வலம் மாதிரி நடக்கும், மேலே கண்ணாடித்தூள் சிதறுகிற மாதிரி மணியோசை வரும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' எல்லோரும் முதலில் கேட்பது. நீங்கள் கடைசியில் கேளுங்கள். அப்போதுதான் பாஸ் முதலில் பாடிய மெட்டைக் குரல் பின்னால் வந்து எடுத்துக்கொள்வது பிடிபடும்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பாஸ் முக்கால்வாசி காணாமல் போய்விடும். நூறு ரூபாய் இயர்போன்கூடப் போதும். கேட்டு முடித்த கையோடு 'என் இனிய பொன் நிலாவே' போடுங்கள். உங்களுக்கு என்ன கேட்டது என்று எனக்கு எழுதுங்கள். கிட்டார், பறை, எது வாசிக்கிற பிள்ளையாக இருந்தாலும் சரி, பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கமாக இருந்தால் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டை மாடியில் சேர்ந்து உட்காரலாம். பாஸ் கிட்டார் ஒன்று இரவல் கிடைக்கிறது, பேசி வைத்திருக்கிறேன்.